உயர்ந்த மூக்கைத் தாழ்த்துதல்: ஜிபி9 டீசல் இன்ஜின் மாதிரியில் ஒரு கிட்பேஷிங் வேலை

பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே தண்டவாளத்தில் வைக்கும் டீசல் இன்ஜின் மாதிரி, பெரும்பாலும் அந்த இன்ஜின் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் இருந்த கோலத்தையே காட்டும். உண்மையான இன்ஜினோ முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடுகிறது. அதற்குள் அது இரண்டு மூன்று ரயில்வே நிறுவனங்களின் கைக்கு மாறி, பணிமனைகளில் பிரிக்கப்பட்டு, ஒலிப்பான் இடம் மாறி, புகைபோக்கி மாறி, சில வேளைகளில் முகமே மாறிவிடுகிறது. அப்படி மாறிய ஓர் இன்ஜினின் மாதிரி கடையில் கிடைக்காதபோது, கிடைக்கும் கிட்டுகளை, அதாவது பாகங்களாக வரும் மாதிரித் தொகுப்புகளை, வெட்டியும் ஒட்டியும் அதை நாமே உருவாக்கிக்கொள்வதைத்தான் கிட்பேஷிங் என்கிறார்கள். ரயில்வேக்களே இந்த வேலையைச் செய்திருக்கின்றன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் சாண்டா ஃபே ரயில்வே, டெக்சாஸ் மாநிலத்துக் கிளீபர்ன் பணிமனையில் 1970 முதல் 1978 வரை தன்னுடைய பழைய எஃப்7 இன்ஜின்களின் மேலுடலை அகற்றி, 233 இன்ஜின்களைச் சிஎஃப்7 என்ற புதிய உருவத்தில் வெளியே அனுப்பியது. அதன் பக்கத்தில் நாம் செய்யப்போவது சின்ன வேலைதான்.

எடுத்துக்காட்டுக்கு நான் தேர்ந்திருப்பது, உண்மையில் 87இல் ஒரு பங்கான எச்ஓ அளவில், உயர்ந்த மூக்குடைய ஜிபி9 இன்ஜினைத் தாழ்ந்த மூக்குடையதாக மாற்றும் வேலை. அமெரிக்க இன்ஜின் தயாரிப்பாளரான ஈஎம்டி நிறுவனம் 1949இல் ஜிபி7 வகையையும் 1954இல் ஜிபி9 வகையையும் கொண்டுவந்தது. முன்னது 1,500 குதிரைத்திறன் கொண்டது, பின்னது 1,750. ஜிபி9 மட்டும் நாலாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது. இவற்றில் ஓட்டுநர் அறைக்கு முன்னால் உள்ள குட்டை மூக்கு, அறையின் உயரத்துக்கே எழும்பி நின்றது. வழியை நன்றாகப் பார்க்க வேண்டும் என்ற தேவை பின்னர் எழுந்தபோது, பல ரயில்வேக்கள் அந்த மூக்கைப் பாதியாக வெட்டித் தாழ்த்தின. மாதிரியிலும் அதையேதான் செய்யப்போகிறோம் என்பதால், முதல் கிட்பேஷிங் வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. வெட்டு நேரானது, பாகங்கள் சிறியவை, செய்து முடித்ததும் இன்ஜினின் முகம் முற்றிலும் வேறாகிவிடுகிறது.

எந்த இன்ஜின், எந்த ஆண்டு

ரம்பத்தைக் கையில் எடுக்கும் முன் ஒரே ஓர் இன்ஜினை, அதன் எண்ணோடும் ஆண்டோடும் முடிவுசெய்துகொள்ள வேண்டும். “பொதுவாக ஒரு தாழ்ந்த மூக்கு ஜிபி9” என்று தொடங்குகிறவர், ஒவ்வொரு சிறு பாகத்திலும் நின்று யோசிக்க வேண்டிவரும். ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு இரண்டு பக்கம், முன், பின், முடிந்தால் மேலிருந்து என ஐந்து புகைப்படங்கள் கிடைத்துவிட்டால் கேள்விகளில் பெரும்பகுதி தானே தீர்ந்துவிடும். கூரைப் படம்தான் எப்போதும் கிடைக்க அரிதானது. பாலத்தின் மேலிருந்து எடுத்த படங்களைத் தேடினால் கிடைக்கும்.

படங்களைப் பார்க்கும்போது முதலில் கூரையிலுள்ள விசிறிகளை எண்ணுங்கள். ஜிபி9 இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில் ரேடியேட்டருக்கு மேல் 36 அங்குல விசிறிகள் நான்கு இருந்தன. கடைசிக் கட்டத்தில் கட்டப்பட்டவற்றில் 48 அங்குல விசிறிகள் இரண்டு மட்டுமே. எச்ஓ அளவில் முன்னது 10.5 மில்லிமீட்டர் விட்டம், பின்னது 14 மில்லிமீட்டர். தவறான கிட்டை வாங்கிவிட்டால் எவ்வளவு அழகாக மூக்கைத் தாழ்த்தினாலும் விவரம் தெரிந்தவர் கண் நேரே அங்கேதான் போய் நிற்கும். டைனமிக் பிரேக், அதாவது மோட்டார்களையே ஜெனரேட்டராக்கி வேகத்தைக் குறைக்கும் அமைப்பு, உள்ளதா இல்லையா என்பதையும் அப்போதே பாருங்கள். அது இருந்தால், ஓட்டுநர் அறைக்குப் பின்னால் நீளும் நீண்ட மூக்கின் நடுவில் இரு புறமும் புடைத்து, மேலே ஒரு விசிறியோடு நிற்கும் பகுதி தெரியும். புகைபோக்கிகள் வழக்கமாக இரண்டு. மறுகட்டமைப்புக்கு உள்ளான சில இன்ஜின்களில் அது நான்காகியிருக்கும். இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வேயின் படூகா பணிமனையில் புதுப்பிக்கப்பட்ட இன்ஜின்களில், ஓட்டுநர் அறைக்குப் பின்னால் நீண்ட மூக்கின் மேல் ஒரு பெரிய காற்று வடிகட்டிப் பெட்டி துருத்திக்கொண்டிருக்கும். அதைச் செய்யாமல் விட்டால் அது படூகா இன்ஜின் ஆகாது.

ஆண்டு எதற்கு என்றால், பாகங்களுக்கும் காலம் உண்டு. கீழே இரு புறமும் பளிச்சிடும் டிட்ச் விளக்குகளை எடுத்துக்கொள்வோம். சாலைக் கடவுகளை மணிக்கு 20 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் கடக்கும் இன்ஜின்களுக்கு இத்தகைய துணை விளக்குகள் 1997 டிசம்பர் 31க்குள் பொருத்தப்பட வேண்டும் என்பது அமெரிக்க விதி. 1975ஆம் ஆண்டைக் காட்டும் அமெரிக்க இன்ஜினில் அவற்றை ஒட்டினால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் காலம் குழம்பிவிடும்.

அளவெடுத்தல்

எச்ஓ அளவில் உண்மையின் ஓர் அடி, மாதிரியில் 3.5 மில்லிமீட்டர். வண்டிகளைக் கோக்கும் கப்ளரின் முனையிலிருந்து மறு கப்ளரின் முனைவரை 56 அடி 2 அங்குலம் நீளமுள்ள ஜிபி9, மாதிரியில் ஏறத்தாழ 197 மில்லிமீட்டர் வரும். கிட்டை வாங்கியதும் வெர்னியர் காலிப்பரால் இந்த அளவைச் சரிபார்ப்பது நல்லது. பழைய அச்சுகளில் வார்க்கப்பட்ட சில மாதிரிகளில், உள்ளே மோட்டார் இடம்கொள்ள வேண்டும் என்பதற்காக நீண்ட மூக்கு இருக்க வேண்டியதைவிட அகலமாக இருக்கும். அத்தகைய மேலோட்டோடு, சரியான அகலத்தில் வார்க்கப்பட்ட வேறொரு கிட்டின் அறையையோ மூக்கையோ இணைக்க முயன்றால், இடுக்கு நிரப்பும் எந்தப் பட்டியும் அந்த வித்தியாசத்தை மறைக்காது. கிட்பேஷிங் தோற்றுப்போகும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான் என்பது என் கணிப்பு.

தாழ்த்தப்பட்ட மூக்கின் உயரம் எல்லா ரயில்வேயிலும் ஒன்றல்ல. வரைபடம் இல்லாதபோது புகைப்படத்திலிருந்தே அதைக் கணக்கிடலாம். ஜிபி9இன் கீழுள்ள நான்கு சக்கர போகியில், அதாவது சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில், இரு அச்சுகளுக்கு இடையிலான தூரம் 9 அடி. பக்கவாட்டில் நேராக எடுத்த படம் ஒன்றைத் தாளில் அச்சிட்டு அளக்கும்போது அந்த அச்சு இடைவெளி 45 மில்லிமீட்டரும், இன்ஜினின் ஓரமாகச் செல்லும் நடைமேடையிலிருந்து மூக்கின் உச்சிவரை 20 மில்லிமீட்டரும் வருவதாகக் கொள்வோம். 20ஐ 45ஆல் வகுத்து 9ஆல் பெருக்கினால் 4 அடி. மாதிரியில் அது 14 மில்லிமீட்டர். அருகில் நின்று எடுத்த படத்தில், போகியைவிட உள்ளே தள்ளி நிற்கும் மூக்கு சற்றுச் சிறியதாகத் தெரியும் என்பதால், தொலைவிலிருந்து எடுத்த படத்தையே நம்புங்கள். இரண்டு படங்களில் அளந்து, விடைகள் அரை மில்லிமீட்டருக்குள் ஒத்துவந்தால் போதும்.

எங்கே வெட்டுவது

இந்த வேலையில் திறமை முழுவதும் வெட்டுக்கோட்டைத் தேர்வதில் இருக்கிறது. உண்மையான இன்ஜினில் தகடும் தகடும் சேரும் கோடு, கதவின் விளிம்பு, கூரை மடிப்பு, அறைச்சுவரும் மூக்கும் சந்திக்கும் மூலை ஆகிய இடங்களில் ஏற்கெனவே ஒரு கோடு இருக்கிறது. நல்ல தையற்காரர் தையலை மடிப்புக்குள் ஒளித்துவைப்பதைப் போல, நம்முடைய இணைப்பும் அந்தக் கோட்டுக்குள் போய் மறைய வேண்டும். வெறும் தகட்டின் நடுவே வெட்டினால் அந்த இணைப்பைப் பட்டி வைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் மறைக்க வேண்டியிருக்கும், தேய்க்கும்போது பக்கத்திலுள்ள ரிவெட்டுகளும் கீல்களும் சேர்ந்தே போய்விடும். டைனமிக் பிரேக் புடைப்பை அகற்றி வேறொரு மேலோட்டின் நடுப்பகுதியை வைக்க நேர்ந்தாலும் இதே நியதிதான். கதவு விளிம்பிலிருந்து கதவு விளிம்புவரை ஒரு முழுத் துண்டாக மாற்றுங்கள்.

நம்முடைய மூக்கில் வெட்டு இரண்டு. ஒன்று, கணக்கிட்ட உயரத்தில் மூக்கைச் சுற்றி வரும் கிடைமட்ட வெட்டு. மற்றொன்று, மூக்கின் மேற்பகுதியை அறையின் முன்சுவரிலிருந்து பிரிக்கும் செங்குத்து வெட்டு. பல கிட்டுகளில் அறை தனிப் பாகமாகவே வருவதால் இரண்டாவது வெட்டுக்கு வேலையே இருக்காது.

வெட்டுவதற்கு முன் மேலோட்டை உள்ளிருக்கும் பொறியமைப்பின் மேல் பொருத்தி, மூக்குக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான மாதிரிகளில் அங்கே ஒரு ஈயம் அல்லது துத்தநாக எடைக்கட்டியோ விளக்குப் பலகையோ நீட்டிக்கொண்டிருக்கும். மூக்கு தாழ்ந்ததும் அது கூரையில் முட்டும். எடைக்கட்டியை வெட்ட வேண்டுமானால் மோட்டாரையும் பற்சக்கரங்களையும் முழுவதும் கழற்றி அகற்றிவிட்டு வெட்டுங்கள். உலோகத் துகள் ஒன்று மோட்டாருக்குள்ளோ பற்சக்கரங்களுக்குள்ளோ சிக்கிக்கொண்டால் பிறகு அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. பொறியமைப்பு சீராக ஓடுகிறதா என்பதையும் மேலோட்டில் கைவைக்கும் முன்பே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பெயிண்ட் அடிக்கப்பட்ட மேலோட்டில் வேலை செய்வதாக இருந்தால் முதலில் பெயிண்டை நீக்க வேண்டும், ஏனெனில் ஸ்டைரீன் என்ற மாதிரிப் பிளாஸ்டிக்கை ஒட்டும் பசை பெயிண்டின் மேல் பிடிக்காது. 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பல தயாரிப்புகளின் பெயிண்ட் உரிந்துவரும். அது எளிதில் தீப்பற்றும் திரவம். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் தீ எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் அதைத் தாங்குமா என்பதை மேலோட்டின் உட்புற மூலையில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

வெட்டும் முறை

வெட்டுக்கோட்டைப் பென்சிலால் வரைந்துவிட்டு அதன்மேல் ரம்பத்தை ஓட்டினால் கோடு கோணிவிடும். தடித்த பிளாஸ்டிக் லேபிள் டேப்பை, அதாவது எழுத்து பொறிக்கும் கருவியில் போடும் அந்த டேப்பை, கோட்டை ஒட்டி மூக்கைச் சுற்றி ஒட்டுங்கள். அதன் விளிம்பு ரம்பத்துக்குச் சுவராக நிற்கும். தொடங்கிய முனையும் முடிந்த முனையும் ஒரே மட்டத்தில் சந்திக்கின்றனவா என்பதை மூலைமட்டத்தால் பாருங்கள். சந்திக்காவிட்டால் டேப்பை உரித்து மறுபடி ஒட்டுங்கள், இந்த இடத்தில் பொறுமையிழப்பதில் பயனில்லை. பிறகு கூர்மையான கத்தியின் முதுகால் டேப்பின் விளிம்பை ஒட்டிப் பலமுறை இலேசாகக் கீறி ஒரு பள்ளம் உண்டாக்கிக்கொண்டு, அந்தப் பள்ளத்தில் மெல்லிய ரம்பத்தை வைத்து, நான்கு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக அறுக்க வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து முழுவதும் அறுத்துக்கொண்டுபோனால் மறுபக்கத்தில் ரம்பம் கீழிறங்கியிருக்கும்.

வெட்டு எப்போதும் கழிவுப் பக்கத்தில் விழட்டும், வைத்துக்கொள்ள வேண்டிய துண்டில் அரை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கட்டும். அந்த மிச்சத்தை அரத்தால் தேய்ப்பதைவிட, ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் 400 எண் உப்புத்தாளைப் பரப்பி, துண்டைக் கவிழ்த்து வைத்து எட்டு வடிவில் தேய்த்தால் விளிம்பு முழுவதும் ஒரே மட்டத்தில் வரும். அடிக்கடி நிறுத்திக் காலிப்பரால் நான்கு மூலைகளிலும் அளந்துகொள்ளுங்கள். வெட்டி எடுத்த மேல்துண்டைத் தூக்கி எறிய வேண்டாம். அதிலுள்ள லூவர்கள் (காற்றுப் பிளவுகள்), கீல்கள், மணல் நிரப்பும் மூடி எல்லாம் பின்னால் உதவும்.

மூக்கின் புதிய மேல்மூடியை 1 மில்லிமீட்டர் ஸ்டைரீன் தகட்டில் வெட்டுங்கள். உண்மையில் சில பணிமனைகள் தட்டையான மூடியும் வேறு சில முன்னோக்கிச் சரிந்த மூடியும் வைத்தன. மூக்கின் முன்மூலைகள் வளைவானவை என்பதால், மூடியைச் சுற்றிலும் சிறிது பெரிதாகவே வெட்டி, மூக்குக்குள் அடங்கும்வரை வளைவுக்கேற்பத் தேய்த்துக் குறைப்பதே வழி. ஒட்டுவதற்கு முன் மூக்கின் உட்புறச் சுவரில், விளிம்பிலிருந்து மூடியின் தடிமன் அளவு கீழே, 1.5 மில்லிமீட்டர் சதுர ஸ்டைரீன் குச்சிகளைச் சுற்றிலும் ஒட்டினால் மூடி உட்கார ஒரு படி கிடைக்கும். ஸ்டைரீன் பசை என்பது உண்மையில் இரண்டு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கும் திரவம். பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியால் இணைப்பின் உட்புறத்தில் ஒரு துளி தொட்டால் அது தானே இடுக்குக்குள் பாய்ந்துவிடும். வெளிப்புறத்தில் வைத்தால் விரல் ரேகை பிளாஸ்டிக்கில் பதிந்து நிரந்தரமாகிவிடும்.

புதிய முகம்

மூக்கு இறங்கியதும் அறையின் முன்சுவரில், முன்பு மூக்கு மறைத்திருந்த நடுப்பகுதி வெற்றிடமாகத் தெரியும். உண்மையான பணிமனைகள் அங்கே புதிய கண்ணாடிகளை வைத்தன. சில ரயில்வேக்கள் நடுவில் இரண்டு சிறு ஜன்னல்கள் வைத்தன, சில ஒரே அகலக் கண்ணாடி வைத்தன. உங்கள் இன்ஜினின் முன்பக்கப் படம் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

நடுத்துண்டை 0.5 மில்லிமீட்டர் தகட்டில் செய்யும்போது, வெளி உருவத்தை வெட்டிவிட்டு ஜன்னலைத் துளைக்க முயன்றால் மெல்லிய சட்டம் ஒடிந்துவிடும். பெரிய தகட்டிலேயே முதலில் ஜன்னல்களை வெட்டிக்கொண்டு, வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டுங்கள். ஜன்னலின் நான்கு மூலைகளிலும் முதலில் 1 மில்லிமீட்டர் துளையிட்டு, துளைகளை நேர்க்கோட்டு வெட்டுகளால் இணைத்தால் ரப்பர் பட்டை உட்காரும் அந்த வட்ட மூலை தானே வந்துவிடும். பிறகு துண்டை அறைச்சுவரின் இரு பக்க ஜன்னல்களோடு ஒரே மட்டத்தில் ஒட்டி, உட்புறத்தில் கண்ணாடிக்கு இடைஞ்சல் இல்லாத உயரத்தில் குறுக்கே ஒரு தகட்டுப் பட்டையைத் தாங்கலாக வையுங்கள். தாங்கல் இல்லாத இணைப்பு, மேலோட்டைப் பொறியமைப்பிலிருந்து கழற்றும் முதல் நாளிலேயே விரிசல் விடும்.

உயர்ந்த மூக்கின் உச்சியில் இருந்த எண் பலகைகள் இப்போது வேறிடம் போக வேண்டும். பெரும்பாலும் அவை அறையின் முன் ஜன்னல்களுக்கு மேலே, நடுவில் முகப்பு விளக்கோடு ஏறின. சில ரயில்வேக்கள் விளக்கைத் தாழ்ந்த மூக்கின் மேலேயே வைத்தன. இந்தப் பெட்டி சிறியதாக இருந்தாலும் பார்ப்பவர் கண் முதலில் விழும் இடம் அதுதான் என்பதால், தடிமனான ஸ்டைரீன் குச்சியிலிருந்து செதுக்குவதைவிடக் கிடைக்கும் தயார் பாகத்தை வாங்கிப் பொருத்துவதே மேல்.

பட்டியும் பிரைமரும்

இணைப்புகளில் தெரியும் இடுக்கு தலைமயிர் அளவாக இருந்தால் சூப்பர் க்ளூவை நிரப்பியாகப் பயன்படுத்தலாம். ஆனால் அது இறுகிய சிறிது நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். ஓர் இரவு விட்டுவிட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும், உப்புத்தாள் பிளாஸ்டிக்கை மட்டும் தின்று பசையை மேடாக விட்டுவைக்கும். அதைவிட அகலமான இடுக்குக்குப் பட்டியை மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பின் அடுத்தது என வைக்க வேண்டும். சாம்பல் நிறப் பிரைமரை மெல்லியதாகத் தெளித்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், கைக்குத் தெரியாத பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். நிரப்பி, தேய்த்து, மறுபடி தெளித்துப் பார்ப்பதைச் சலிப்பில்லாமல் திரும்பச் செய்ய வேண்டியதுதான். தேய்க்கும்போது அழிந்த ரிவெட்டுகளுக்கு, ரெசின் புள்ளிகள் பதித்த டெக்கால் தாள்கள், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலங்கள், கிடைக்கின்றன. அவற்றைப் பிரைமரின் மேல் ஒட்டி, அதன்மேல் பெயிண்ட் அடித்தால் வார்ப்பில் வந்தவற்றிலிருந்து வேறுபாடு தெரியாது.

நுண்பாகங்கள்

கிட்பேஷிங் உருவத்தைத் தருகிறது என்றால் இன்ஜினுக்கு உயிர் தருபவை நுண்பாகங்கள். பிளாஸ்டிக்கில் மேலோட்டோடு சேர்த்து வார்க்கப்பட்ட பிடிகம்பிகளைக் குறுகிய உளிக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, கம்பியால் புதிதாக வைப்பதிலிருந்து தொடங்குங்கள். உண்மையான பிடிகம்பி முக்கால் அங்குலத் தடிமன் என்றால் எச்ஓவில் அது 0.22 மில்லிமீட்டர். கையாள வசதியாக 0.3 மில்லிமீட்டர் பாஸ்பர் வெண்கலக் கம்பி போதும், 0.5 மில்லிமீட்டர் போட்டால் தண்ணீர்க் குழாய் போலத் தெரியும். பழைய கம்பியைச் சீவும் முன் அதன் இரு முனைகளிலும் ஊசியால் குழி குத்திவைத்தால் துளைகளின் இடம் தவறாது. ஏணிபோல் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் கம்பிகளுக்கு, சம இடைவெளியில் துளையிட்ட சிறு பித்தளைத் தகடு ஒன்றைச் செய்துகொண்டு அதன் வழியே துளையிடுங்கள். இடைவெளி ஒன்றில் மட்டும் சிறிது பிசகினாலும் கண் அதைக் கண்டுபிடித்துவிடும்.

துளைக்கு 80ஆம் எண் துளையூசி, அதாவது 0.34 மில்லிமீட்டர், சரியாக இருக்கும். மின்சாரத் துளையிடியின் வேகத்தில் ஸ்டைரீன் உருகி ஊசியில் சுற்றிக்கொள்ளும் என்பதால் கையால் சுழற்றும் பின் வைஸில்தான் துளையிட வேண்டும். கம்பியை உள்ளே செருகியபின், சுவருக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு தாள் அட்டைத் துண்டைச் செருகி வைத்துக்கொண்டு, உட்புறத்திலிருந்து சூப்பர் க்ளூவை ஒரு புள்ளி தொடுங்கள். அட்டையை உருவினால் எல்லாக் கம்பிகளும் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் நிற்கும்.

நடைமேடையின் ஓரத்துக் கைப்பிடிக் கம்பிகள் சில மாதிரிகளில் வழுக்கும் தன்மையுள்ள அசிட்டால் பிளாஸ்டிக்கில் வரும். அதில் பசையும் பிடிக்காது, பெயிண்டும் நிற்காது. மூக்கைத் தாழ்த்தியதால் முன்பக்கக் கைப்பிடியின் வடிவமும் மாறுகிறது. எனவே முன்பகுதியை மட்டுமாவது தனித் தாங்கிகளும் 0.38 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியும் கொண்டு புதிதாகக் கட்டுவது நல்லது. பித்தளைக் கம்பியைச் சூடாக்கி ஆறவிட்டால் மென்மையாகி, நினைத்த இடத்தில் மடியும்.

இன்ஜினின் இரு முனைகளிலும் கப்ளருக்குப் பக்கத்தில் தொங்கும் காற்றுக் குழாய்கள் எத்தனை என்பதைப் படத்தில் எண்ணிப் பார்த்து அத்தனையே வையுங்கள். கப்ளரை விடுவிக்கும் நெம்புகோலை 0.3 மில்லிமீட்டர் கம்பியில் வளைக்கும்போது, கப்ளர் இரு பக்கமும் தடையின்றி ஆடுகிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். அழகாகச் செய்யப்பட்ட நெம்புகோல் வளைவில் வண்டியைத் தடம்புரளச் செய்வதுண்டு. மணி, ஒலிப்பான், ரேடியோ ஆண்டெனா, கண்ணாடித் துடைப்பான், ஓட்டுநர் ஜன்னலின் வெயில் மறைப்பு ஆகியவை ரயில்வேக்கு ரயில்வே மாறும். ஒலிப்பானில் மூன்று குழலா ஐந்து குழலா, அவை எந்தத் திசை நோக்கி நிற்கின்றன என்பதுவரை படத்தில் பார்க்க வேண்டும். மூக்கை வெட்டிய பணிமனை பெரும்பாலும் மணியையும் இடம் மாற்றியிருக்கும், அதையும் தேடுங்கள்.

முன்பக்கம் எது என்பதைக் காட்டும் சிறிய எஃப் என்ற எழுத்து, நடைமேடைக்குக் கீழுள்ள சட்டத்தில் ஒரு முனையில் இருக்கும். தாழ்ந்த மூக்குக்கு அது பெரும்பாலும் குட்டை மூக்கின் பக்கமே. ஆனால் சதர்ன், நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் போன்ற ரயில்வேக்கள் உயர்ந்த மூக்கை விடாமல் வைத்திருந்ததோடு, நீண்ட மூக்கையே முன்பக்கமாகக் கொண்டும் ஓட்டின. அவற்றின் இன்ஜினைச் செய்பவருக்கு இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்படாது.

விளக்குக்கு எல்ஈடி வைப்பதானால் பழைய குண்டு பல்பின் நிறத்துக்கு நெருங்கிய இளமஞ்சள் வெள்ளையைத் தேர்ந்து, டிசிசி எனப்படும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையின் ஆணைகளை இன்ஜினுக்குள் வாங்கும் டீகோடருடன் இணைக்கும்போது ஒவ்வொரு எல்ஈடிக்கும் 1,000 ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் சேருங்கள். மோட்டாரின் இரு முனைகளும் உலோகச் சட்டத்தைத் தொடாமல் தனித்திருக்க வேண்டும் என்பது டிசிசியில் மீறக்கூடாத விதி. பழைய மாதிரிகள் பலவற்றில் ஒரு முனை சட்டத்தோடு சேர்ந்திருக்கும், அதைப் பிரிக்காமல் மின்சாரம் கொடுத்தால் டீகோடர் அப்போதே எரிந்துபோகும்.

பெயிண்ட், டெக்கால், அழுக்கு

மிதமான சோப்பு நீரில் மேலோட்டைக் கழுவிக் காயவைத்தபின் விரலால் தொடாமல் பெயிண்டுக்குக் கொண்டுபோங்கள். ஏர்பிரஷில் அக்ரிலிக் பெயிண்டுக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம் போதுமானது. வெளிர் நிறத்தை முதலில் அடித்து, மறைத்து, அடர்நிறத்தைப் பிறகு அடிக்க வேண்டும். மாஸ்கிங் டேப்பின் விளிம்பில் பெயிண்ட் ஊறாமலிருக்க, அடியில் உள்ள நிறத்தையே முதலில் ஒருமுறை மெல்லியதாக விளிம்பின் மேல் தெளித்தால், ஊறுவது அந்த நிறமாகவே இருக்கும். அடுத்த நிறத்தின் கோடு கத்தியால் கீறியதுபோல் நேராக வரும். சுவாசக் கவசமும் புகை வெளியேறும் வழியும் இல்லாமல் ஏர்பிரஷைத் தொட வேண்டாம்.

டெக்காலுக்கு முன் பளபளப்பான வார்னிஷ் ஒரு படலம் அவசியம். சொரசொரப்பான பரப்பில் டெக்காலுக்கு அடியில் காற்று சிக்கி, எழுத்தைச் சுற்றிலும் வெள்ளி நிறத்தில் ஒரு ஓரம் தெரியும். ரிவெட்டுகளின் மேலும் கதவுக் கோடுகளின் மேலும் விழும் எழுத்துகளுக்கு டெக்காலை மென்மையாக்கும் திரவத்தை விட்டால், அது சுருங்கிப் பின் தானே படிந்துவிடும். சுருங்கியிருக்கும்போது பதறித் தொடாதீர்கள். கதவுகளின் மேல் விழுந்த டெக்காலைக் காய்ந்தபின் கதவுக் கோட்டில் கத்தியால் மெதுவாகக் கீறி, மறுபடி அந்தத் திரவத்தை விட வேண்டும். எல்லாம் முடிந்தபின் மங்கலான வார்னிஷ் ஒரு படலம் அடித்தால் டெக்காலின் ஓரமும் பெயிண்டும் ஒன்றாகிவிடும்.

அழுக்கேற்றும்போது ஒவ்வொரு கறைக்கும் காரணம் இருக்க வேண்டும். புகைபோக்கியைச் சுற்றிக் கூரையில் கரிப்படிவம், எரிபொருள் நிரப்பும் வாயிலிருந்து தொட்டியின் மேல் வழிந்த டீசலின் பளபளப்பு, போகிகளின் மேல் தண்டவாளத் துருவும் மண்ணும் கலந்த பழுப்பு, மணல் குழாய்களின் அருகில் வெளிர் தூசு ஆகியவை இயல்பாக வருபவை. கூரையிலிருந்து மழைநீர் வழியும் திசையில் மட்டும் செங்குத்துக் கோடுகள் இருக்கட்டும். ஓட்டுநர் அடிக்கடி துடைக்கும் கண்ணாடியில் துடைப்பான் சென்ற வளைவை மட்டும் சுத்தமாக விட்டு, மற்ற இடத்தில் தூசு தெளித்தால் முகம் நம்பும்படியாக வரும். அதற்குத் துடைப்பானின் வடிவில் வெட்டிய சிறு டேப் துண்டு ஒன்று போதும்.

கடைசியாகக் கப்ளர் உயரத்தைக் கப்ளர் தயாரிக்கும் கேடி நிறுவனத்தின் அளவுகோலால் சரிபாருங்கள். எச்ஓவில் கப்ளரின் நடுக்கோடு தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 9.9 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். பிறகு உங்களிடமுள்ள மிகக் குறுகிய வளைவிலும், அடுத்தடுத்து எதிர்த்திசையில் வளையும் இடத்திலும், பெட்டிகளைக் கோத்து முன்னும் பின்னுமாக மெதுவாக ஓட்டுங்கள். போகியின் பக்கச்சட்டம் படிக்கட்டில் உரசினால் அங்கே பெயிண்ட் தேய்ந்த கோடு தெரியும். படிக்கட்டின் உட்புறத்தை அந்த இடத்தில் மட்டும் சிறிது சுரண்டிவிட்டு, மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.